கிழங்கு முந்தி, இறால் பிந்தி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கேஜன் முறையில் இறால், உருளைக்கிழங்கு, சோளம் எல்லாவற்றையும் ஒரே பானையில் அவித்தேன். குறிப்பில் கிழங்குக்கு 12 நிமிடம் என்று இருந்தது. 12 நிமிடத்தில் கிழங்கின் நடு கல்லாகவே இருந்தது. அது வேகட்டும் என்று விட்டதில் இறால் ரப்பராகிவிட்டது. எங்கே பிழை?
– வாசகி, நுவரெலியா

பதில்: கேஜன் சமையலின் ஊரான அமெரிக்காவின் லூசியானா, கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் உங்கள் பானை 94 பாகையளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். தீயைக் கூட்டினால் ஆவிதான் கூடும், சூடு ஏறாது. அந்த ஆறு பாகைக் குறைவு கிழங்கை நன்றாகவே பாதிக்கும். முட்டையளவு வெலிமடைக் கிழங்குக்கு 20 முதல் 25 நிமிடம் கொடுங்கள். அட்டன், பண்டாரவளைப் பக்கம் 18 நிமிடத்தில் கத்தியால் குத்திப் பார்க்கலாம். இறாலுக்கு இந்தக் கணக்கு இல்லை. அதன் சதை 60 பாகையைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கும். அதனால் மலையிலும் அது கொழும்பில் வேகிற வேகத்திலேயே வேகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேசிக்காயை ஆரம்பத்திலேயே பிழிந்திருந்தால் கிழங்கு இன்னும் பிந்தியிருக்கும். புளிப்பு கிழங்கின் சதையை இளகவிடாது. தேசிக்காயைத் தோலோடு போட்டு நீண்ட நேரம் கொதிக்க வைத்தால் கசப்பும் இறங்கும். தேசிக்காய் கடைசியில்தான்.

நால்வருக்கு 10 லீற்றர் பானை வேண்டும். 4 லீற்றர் தண்ணீரில் 120 கிராம் உப்பு, மசாலா (அளவு கீழே, மூன்றாவது பதிலில்), இரண்டாக வெட்டிய இரண்டு வெங்காயம், குறுக்கே வெட்டிய இரண்டு முழு வெள்ளைப்பூடு போட்டு 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு முக்கால் கிலோ கிழங்கு, தோலோடு. கத்தி தடையில்லாமல் இறங்கிய பிறகே மூன்றாக வெட்டிய மூன்று இனிப்புச் சோளமும், வட்டமாக நறுக்கித் தாச்சியில் சிவக்க வாட்டிய 300 கிராம் புகையூட்டிய சொசேஜும். ஐந்து நிமிடத்துக்குப் பின் ஒரு கிலோ இறால். பானை ஓரத்தில் மறுபடி குமிழ் தெரிந்தவுடன் அடுப்பை அணைத்துவிடுங்கள். பானை முழுதும் கொதிக்கும்வரை நிற்கக்கூடாது.

கேள்வி: இறால் பதமாகத்தான் வெந்தது. ஆனால் காரம் ஓட்டிலேயே நின்றுவிட்டது, உள்ளே சப்பென்று இருந்தது. மசாலாவைக் கூட்ட வேண்டுமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: வேண்டாம். ஊற வையுங்கள். கொதிக்கும் சில நிமிடத்தில் உப்பும் காரமும் சதைக்குள் போக நேரமில்லை. லூசியானாவில் தெரிந்தவர்கள் அடுப்பை அணைத்த பிறகு 15 நிமிடம் வரை அதே தண்ணீரில் விடுவார்கள். ஆனால் அப்படியே விட்டால் அந்தச் சூட்டிலேயே இறால் வெந்துகொண்டு போகும். அதனால் அணைத்தவுடன் ஒரு கிலோ ஐஸ் கொட்டிக் கிளறுங்கள். தண்ணீர் 65 பாகையளவுக்கு இறங்கி, வேகுவது வெகுவாகக் குறைந்து, ஊறுவது தொடரும். ஐஸ் கரைந்து தண்ணீர் கூடும் என்பதை எண்ணித்தான் மேலே 120 கிராம் உப்பு சொன்னோம். இரண்டு தேசிக்காயைப் பிழிந்து, தோலையும் இப்போது போடுங்கள். எட்டாவது நிமிடத்தில் ஒரு இறாலை உரித்துத் தின்று பாருங்கள். போதாவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம்.

ஓட்டோடு முதுகை கத்தரிக்கோலால் கீறி குடலை எடுத்துவிட்டால் காரம் உள்ளே போக வழியும் கிடைக்கும். ஓட்டைக் கழற்ற வேண்டாம். தண்ணீருக்கு இறாலின் சுவையைத் தருவது ஓடும் தலையும்தான்.

கேள்வி: கேஜன் மசாலா பக்கற் இங்கே கிடைக்கவில்லை. கறித்தூள் போடலாமா?
– வாசகி, பதுளை

பதில்: வறுத்த கறித்தூள் போட்டால் அது இறால் குழம்பின் வாசத்துக்குத் திரும்பிவிடும். கறிவேப்பிலை, ரம்பையும் அப்படித்தான். இந்த மசாலாவில் எதையும் வறுப்பதில்லை, தாளிப்பதில்லை. 4 லீற்றருக்கு: முழு மல்லி 2 மேசைக்கரண்டி, கடுகு 1 மேசைக்கரண்டி, மிளகு 1 மேசைக்கரண்டி, கராம்பு 6, ஒல்ஸ்பைஸ் (மிளகு போன்ற உலர்ந்த வாசனை மணி) 8, பே இலை 4, சதகுப்பை 1 தேக்கரண்டி. இவற்றை மெல்லிய துணியில் முடிந்து போடுங்கள். இல்லாவிட்டால் கடுகு இறால் காலுக்கிடையில் போய்ச் சிக்கும். வறுக்காத மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டியை நேரே தண்ணீரில் கரையுங்கள். ஒல்ஸ்பைஸ் இல்லையென்றால் இன்னும் 2 கராம்பும், ஒரு சிறு துண்டு கறுவாவும், சாதிக்காய்த்தூள் ஒரு சிட்டிகையும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். நுவரெலியா செலரித் தண்டு இரண்டை முறித்துப் போட்டால் மிக நல்லது.

குளிருக்காகச் சமையலறை ஜன்னலை மூடி வைத்திருப்பீர்கள். மிளகாய் ஆவி வீடு முழுக்க இருமல் கிளப்பும், திறந்து வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து யாராவது ‘ஓல்ட் பே’ கொண்டுவந்து தந்தால், அது மேரிலாந்தின் நண்டு மசாலா. சுவையானது, ஆனால் கேஜன் இல்லை. அதில் உப்பும் உண்டு, ஆகவே பானையில் போடும் உப்பைக் குறையுங்கள்.

கேள்வி: மலைநாட்டுக்கு வரும் இறாலை நம்பி வாங்கலாமா?
– வாசகர், அட்டன்

பதில்: சிலாபம், புத்தளம் பக்கத்திலிருந்து நீண்ட தூரம் வருகிறது. ஐஸில் புதைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐஸ் உருகிய தண்ணீரில் மிதப்பதை விட்டுவிடுங்கள். தலை சற்றுக் கறுத்திருப்பது மட்டும் கெட்டதற்கு அடையாளம் அல்ல. பிடித்ததும் ஐஸ் படாவிட்டால் அப்படிக் கறுக்கும். மூக்கில் ஏறும் அமோனியா நெடி, வழுவழுப்பு, தலை தொட்டதும் கழன்று விழுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள். எந்த மசாலாவும் அதை மறைக்காது. சந்தேகமிருந்தால் உறைய வைத்த பக்கற்றே மேல். இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். அவசரமென்றால் கட்டிய பையோடு குளிர்ந்த தண்ணீரில் அரை மணித்தியாலம். சுடுதண்ணீரில் போட்டால் வெளிப்புறம் வெந்து நடு உறைந்தே கிடக்கும்.

கேள்வி: தெருவோரத்தில் அவித்து விற்கும் சோளம் போடலாமா? பிரஷர் குக்கர் உதவுமா?
– வாசகி, வெலிமடை

பதில்: முற்றிய நாட்டுச் சோளம் ஐந்து நிமிடத்தில் வேகாது. தனியே முக்கால் மணித்தியாலமாவது அவித்துவிட்டுச் சேருங்கள். ஏற்கெனவே அவித்து விற்பதை கடைசி ஐந்து நிமிடம் போட்டால் போதும். குக்கரில் சோளத்தையும் கிழங்கையும் முன்கூட்டியே வேகவைக்கலாம், உப்புத் தண்ணீரில். இறாலுக்குக் குக்கர் வேண்டவே வேண்டாம், விசில் வருமுன்பே அது கெட்டுவிடும்.

கேள்வி: மிஞ்சினால் என்ன செய்வது?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: இறாலை உரித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, மறுநாள் சூடாக்காமல் சலாட்டில் போடுங்கள். மறுபடி சூடாக்கினால் இறுகிப்போகும். கிழங்கை நசுக்கிப் பட்டரில் முறுக வறுக்கலாம். பானைத் தண்ணீரை சூப்பாக்க நினைக்காதீர்கள், உப்பு தாங்காது. ஒரு கோப்பையை மட்டும் எடுத்து, 100 கிராம் பட்டரில் எட்டுப் பல் வெள்ளைப்பூட்டைப் பொன்னிறம் வருமுன் வதக்கி, அதில் ஊற்றிக் கொதிக்க வைத்தால் கிழங்கைத் தொட்டுத் தின்ன அருமையான சாறு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் குடியேறிய வியட்நாமியர் அவித்ததை இப்படி வெள்ளைப்பூட்டுப் பட்டரில் புரட்டித்தான் பரிமாறுவார்கள்.