பங்கு எட்டு சதவீதம்தான், செக்கில் கையெழுத்து யாருடையது?

கேள்வி: டெக்சாஸில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். எச்-1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் ஊர் இன்டோர் ஃபுட்பால் (அரங்குக்குள் ஆடும் அமெரிக்க ஃபுட்பால்) அணியை நடத்தும் எல்எல்சி வகைக் கம்பெனியில் 60,000 டாலர் போட்டு 8 சதவீதப் பங்கு வாங்கினேன். பெரும்பங்கு வைத்திருப்பவர்தான் மேனேஜர், தலைமைப் பயிற்சியாளரும் அவரே. எனக்கு "வைஸ் பிரசிடென்ட், ஆபரேஷன்ஸ்" என்று கார்டு அடித்துக் கொடுத்து, வங்கிக் கணக்கிலும் கையெழுத்து உரிமை கொடுத்தார். அவர் இல்லாத நாட்களில் அரீனா வாடகைக்கும் பஸ் கம்பெனிக்கும் நான் செக் எழுதியிருக்கிறேன். இப்போது வீரர்களுக்கு இரண்டு ஆட்டச் சம்பளம் பாக்கி. சம்பளத்தில் பிடித்த வரி மத்திய வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் போகவில்லை என்று கணக்குப் பார்ப்பவர் சொல்கிறார். சந்தா பாக்கியைக் கட்டு என்று லீக் பத்து நாள் கெடு வைத்திருக்கிறது. மிச்ச ஆட்டங்களுக்கு நானும் என் மனைவியும் சொந்தக் கேரண்டி தர வேண்டும் என்கிறது அரீனா. என் பேச்சைக் கேட்டு தமிழ்ச் சங்க நண்பர்கள் பலர் சீசன் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். மேனேஜர்மீது வழக்குப் போட்டு என் பணத்தை மீட்க முடியுமா?

பதில்: வழக்கைப் பற்றி அப்புறம் பேசுவோம். அந்த 60,000 டாலர் போனால் அதோடு முடிந்தது. நீங்கள் எழுதிய செக்குகள் அப்படி முடியாது.

எல்எல்சி என்றால் போட்ட பணத்துக்கு மேல் பொறுப்பில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். வாடகை, பஸ் பில், பிரிண்டிங் பாக்கி போன்ற சாதாரணக் கடன்களுக்கு அது சரி. ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்த வருமான வரியும், சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்காகவும் பிடித்த பங்கும் அந்தக் கணக்கில் வராது. சட்டத்தின் பார்வையில் அது கம்பெனியின் பணமே இல்லை. அரசுக்காகக் கையில் வைத்திருக்கும் பணம். அதைக் கட்டாமல் விட்டால், யார் "பொறுப்பான நபரோ" அவரிடமிருந்தே முழுத் தொகையையும் வாங்கலாம் என்கிறது வருமான வரிச் சட்டத்தின் 6672ஆம் பிரிவு. எட்டு சதவீதப் பங்கு என்பதால் எட்டு சதவீதம் என்று பிரிக்க மாட்டார்கள். மேனேஜரிடம் பணம் இல்லையென்றால் முழுதும் உங்கள் தலையில் விழலாம்.

பொறுப்பான நபர் யார் என்று பார்க்கும்போது பதவிப் பெயர், செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம், யாருக்கு முதலில் பணம் தருவது என்று முடிவு செய்யும் வாய்ப்பு ஆகியவற்றை எடைபோடுவார்கள். முதல் இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. மூன்றாவது இல்லை, மேனேஜர் சொன்னதைச் செய்தேன் என்பது உங்கள் வாதம். அது நல்ல வாதம்தான். ஆனால் அதற்கு ஒரு காலவரை உண்டு. வரி கட்டப்படவில்லை என்று தெரிந்த பிறகும் வேறு யாருக்காவது செக் எழுதினால் அதை "வேண்டுமென்றே செய்தது" என்று எடுத்துக்கொள்வார்கள். கணக்குப் பார்ப்பவர் உங்களிடம் சொன்ன நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும். ஆகவே இனி ஒரு செக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அது வீரர்களின் சாப்பாட்டுச் செலவாக இருந்தாலும் சரி. வங்கிக்கு நேரில் போய் உங்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். வைஸ் பிரசிடென்ட் பதவியிலிருந்து விலகுவதாக மேனேஜருக்கு மின்னஞ்சலும் பதிவுக் கடிதமும் அனுப்புங்கள். இன்றைய தேதியோடு அனுப்புங்கள். முன்தேதி போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஐஆர்எஸ்ஸிடமிருந்து 1153 என்ற எண்ணுள்ள கடிதம் வந்தால், மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான். அதைத் தவறவிடக்கூடாது. கம்பெனிக்கு எங்கிருந்தாவது பணம் வந்து வரி கட்டுவதாக இருந்தால், ஊழியரிடமிருந்து பிடித்த பகுதிக்கே முதலில் வரவு வைக்கும்படி எழுத்தில் கேட்டுக் கட்டச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஐஆர்எஸ் தனக்குச் சாதகமான வகையில் வரவு வைக்கும், உங்கள் சுமை குறையாது.

இதே வகையில் இன்னொரு பணமும் இருக்கிறது, பலர் மறந்துவிடுவார்கள். டெக்சாஸில் விளையாட்டு டிக்கெட்டுக்கு விற்பனை வரி உண்டு. மாநிலத்துக்கு 6.25 சதவீதம், உள்ளூர் வரியோடு 8.25 வரை போகும். டிக்கெட்டோடு வசூலித்த அந்த வரி மாநில வரியை வசூலிக்கும் அதிகாரியான கம்ப்ட்ரோலருக்குப் போனதா என்று கேளுங்கள். அதற்கும் தனிநபர் பொறுப்பு உண்டு. கம்ப்ட்ரோலரின் இணையதளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டால் அதன் ஃபிரான்சைஸ் வரி (மாநிலம் கம்பெனிகளிடம் வாங்கும் வரி) நிலையும் தெரியும். அந்த வரி விஷயத்தில் கம்பெனியின் உரிமை பறிபோன நிலை என்று காட்டினால், அதன் பிறகு உண்டான கடன்களுக்கு அதிகாரிகளே பொறுப்பாகும் ஆபத்து இருக்கிறது.

விசாவுக்கு வருவோம். எச்-1பியில் இருப்பவர் ஒரு கம்பெனியில் பங்கு வாங்கலாம், உறுப்பினர் கூட்டத்தில் ஓட்டுப் போடலாம், லாபம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கம்பெனிக்கு வேலை செய்யக்கூடாது. "சம்பளமே வாங்கவில்லையே" என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது, சாதாரணமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையை நீங்கள் செய்திருந்தால் அதையும் வேலையென்றே கருதலாம். பஸ் ஏற்பாடு, டிக்கெட் விற்பனை, "ஆபரேஷன்ஸ்" என்ற கார்டு எல்லாம் அந்தப் பக்கமே இழுக்கின்றன. பயந்துவிட வேண்டாம். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் 245-கே என்ற பிரிவு, கடைசியாக முறைப்படி நாட்டுக்குள் நுழைந்த பிறகு மொத்தம் 180 நாள் வரையான இத்தகைய மீறலைப் பொறுத்துக்கொள்கிறது. நீங்கள் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ன செய்தீர்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு குடியேற்ற வக்கீல் ஒருவரைத் தனியாகப் பாருங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே பாருங்கள். ஏனென்றால் மனுவில் "நான் தினமும் அணிக்காக உழைத்தேன்" என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அது பொது ஆவணம்.

கேரண்டி விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. போடாதீர்கள், மனைவியும் போட வேண்டாம். டெக்சாஸ் சட்டம் கடனாளிக்கு நிறையவே இடம் கொடுக்கும். குடியிருக்கும் வீட்டைச் சாதாரணக் கடன்காரர் தொட முடியாது, சம்பளத்தையும் பிடிக்க முடியாது. ஆனால் வங்கிச் சேமிப்பும் பங்குச் சந்தை முதலீடும் திறந்தே கிடக்கும். (மத்திய வரிக்கு வீட்டுப் பாதுகாப்பும் நிற்காது, அதனால்தான் 6672ஐ முதலில் சொன்னேன்.) "ஆட்டம் நடக்காவிட்டால் ஊருக்கே அவமானம்" என்று அரீனா நிர்வாகம் பேசும். அவர்களிடம் கேளுங்கள்: மேனேஜர் முதலில் கேரண்டி போட்டிருக்கிறாரா?

மற்ற அணிகளின் கதையைப் பார்த்தால் உங்கள் மேனேஜரின் அவசரம் புதிதாகத் தெரியாது. ஜிம் ஃபாஸ்டர் 1981இல் நியூயார்க்கில் ஒரு உள்ளரங்க சாக்கர் ஆட்டத்தைப் பார்த்து யோசித்த விளையாட்டு இது. 50 யார்டு மைதானம், ஒரு பக்கம் எட்டுப் பேர், ஐஸ் ஹாக்கி நடக்கும் அரங்கிலேயே போடலாம். 1987இல் நான்கே அணிகளோடு அரீனா ஃபுட்பால் லீக் தொடங்கியது. 2009 சீசனையே ரத்து செய்து திவாலானது. மீண்டும் எழுந்து 2019 நவம்பரில் மறுபடி திவால். 2024இல் அதே பெயரில் புது நிர்வாகம் 16 அணிகளை அறிவித்துத் தொடங்கியது. சில வாரங்களிலேயே அணிகள் கழன்றுகொள்ள, லீக் கமிஷனர் மாற்றப்பட்டு, அமெரிக்க ஃபுட்பாலின் முதன்மை லீக்கான என்எஃப்எல்லின் முன்னாள் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் பொறுப்பேற்றார். அந்த சீசன் முடிந்ததும் அணிகள் பல பிரிந்து வேறொரு லீக்கே தொடங்கிவிட்டன. 2023இல் ஆல்பனி எம்பயர் அணியை என்எஃப்எல் நட்சத்திரம் அன்டோனியோ பிரவுன் வாங்கினார். லீக்குக்குக் கட்ட வேண்டிய தொகை கட்டப்படவில்லை என்று அந்த ஜூன் மாதமே, அந்த அணி ஆடிய நேஷனல் அரீனா லீக் அதை நீக்கியது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் சாம்பியனாக இருந்த அணி அது.

இந்த மட்டத்தில் பெரிய டிவி ஒப்பந்தப் பணம் கிடையாது. டிக்கெட்டும் உள்ளூர் ஸ்பான்சரும்தான் வரவு. அரீனா வாடகை, இன்சூரன்ஸ், பயணம் மூன்றும் ஆட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கேட்கும். ஒருவரே உரிமையாளர், மேனேஜர், பயிற்சியாளர் என்று இருக்கும்போது, "இந்தப் பணத்தில் ஆட்டம் நடத்தாதே, வரி கட்டு" என்று சொல்ல ஆள் இல்லை. உங்கள் அணியிலும் அந்த ஆள் இல்லை. அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைத்து, அதிகாரத்தை மட்டும் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

லீக்கின் கெடுவைப் பற்றி நீங்கள் செய்யக்கூடியது குறைவு. அணி லீக்கோடு போட்ட உறுப்பினர் ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, அதில் உங்கள் கையெழுத்து எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மேனேஜருக்கும் லீக்குக்கும் நடுவில் உள்ள விவகாரம். லீக் அணியை நீக்கிவிட்டு அட்டவணையைத் திருத்திக்கொண்டு போய்விடும்.

சரி, வழக்கு. முதலில் ஒரு கெட்ட செய்தி. சிறு பங்குதாரரைப் பெரும்பங்குக்காரர் நசுக்குகிறார் என்று சொல்லி நீதிமன்றத்தை வைத்து உங்கள் பங்கை வாங்கச் செய்யும் வழியைப் பல மாநிலங்கள் திறந்து வைத்திருக்கின்றன. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2014இல் ரிச்சி எதிர் ரூப் வழக்கில் அதை ஏறக்குறைய மூடிவிட்டது. எல்எல்சியை விட்டு விலகவும் உங்களால் முடியாது. கம்பெனி ஒப்பந்தம் இடம் கொடுத்தால் தவிர, உறுப்பினர் தானாக விலக டெக்சாஸ் சட்டம் விடாது. பதவியை விடலாம், பங்கை விட முடியாது.

திறந்திருக்கும் கதவு வேறு. பங்கு விற்றபோது அவர் என்ன சொன்னார்? லீக் பாக்கி இல்லை, ஸ்பான்சர் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்றெல்லாம் சொல்லி, அது அன்றே பொய்யாக இருந்தால், மோசடி என்றும், பங்கு போன்ற முதலீடுகளின் விற்பனைக்கான டெக்சாஸ் பத்திரச் சட்டத்தை மீறிய விற்பனை என்றும் வழக்குத் தொடுக்கலாம். பத்திரச் சட்டத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை இருக்கிறது. பொய் தெரிய வந்ததிலிருந்து மூன்று ஆண்டு, எப்படியும் விற்பனையிலிருந்து ஐந்து ஆண்டு என்பது அதன் கெடு. இங்கேயும் அந்தக் கார்டு குறுக்கே நிற்கும். மற்றவர் உழைப்பை நம்பிப் பணம் போட்டவருக்கே இந்தச் சட்டம் துணை, "வைஸ் பிரசிடென்ட் நீங்களே நிர்வாகத்தில் இருந்தீர்களே" என்று எதிர்த்தரப்பு கேட்கும். மேனேஜர் அணிப் பணத்தைத் தன் சொந்தச் செலவுக்கு எடுத்திருந்தால், கம்பெனியின் சார்பில் நீங்கள் வழக்குப் போடலாம். 35 பேருக்குக் குறைவான உறுப்பினர் உள்ள எல்எல்சி என்றால் விதிகள் தளர்வு. அதுவே நியாயம் என்று பட்டால் பணத்தை நேராக உங்களுக்கே தரும்படியும் நீதிமன்றம் சொல்லலாம்.

இதற்கெல்லாம் முன் ஆவணம் வேண்டும். கணக்குப் புத்தகங்களைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு, தக்க காரணத்தைச் சொல்லி எழுத்தில் கேட்டால் போதும். கம்பெனி ஒப்பந்தத்தையும் வரி ரிட்டர்ன்களையும் இலவசமாகவே தர வேண்டும். இந்த வாரமே கேளுங்கள். காலாண்டுப் பேரோல் ரிட்டர்னான 941 படிவங்கள், வங்கி ஸ்டேட்மென்ட், அரீனா ஒப்பந்தம் மூன்றும் முக்கியம். வாட்ஸ்அப் செய்திகளில் ஒன்றையும் அழிக்காதீர்கள், உங்களுக்கு எதிரானதாக இருந்தாலும். அணியின் வக்கீல் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவர் கம்பெனியின் வக்கீல், உங்களுடையவர் அல்ல.

ஜெயித்தாலும் எங்கிருந்து வாங்குவது என்பதையும் யோசியுங்கள். கம்பெனியில் விற்றால் தேறுவது செயற்கைப் புல்லும் ஓரச் சுவர் மெத்தைகளும் ஹெல்மெட்டுகளும்தான். மேனேஜருக்குத் தனிச் சொத்து இருக்கிறதா என்று வக்கீல் மூலம் விசாரித்துவிட்டு, அதன் பிறகு செலவு செய்யுங்கள். இல்லையென்றால் நான் வழக்குப் போட மாட்டேன், வரிப் பொறுப்பிலிருந்து வெளியே வருவதற்கே அந்தப் பணத்தைச் செலவிடுவேன்.

வீரர்களிடம் ஒளிந்து நடக்காதீர்கள். ஊழியராக நடத்தப்பட்டவர்கள் மாநிலத் தொழிலாளர் அமைப்பான டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனில் சம்பளப் பாக்கிக்குப் புகார் தரலாம், சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் தர வேண்டும். இதை அவர்களிடம் சொல்வதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை. உங்கள் கையிலிருந்து சம்பளம் கொடுக்க மனம் வரும். கொடுப்பதற்கு முன் வரி வக்கீலைக் கேளுங்கள், சம்பளத்தை நீங்கள் தீர்மானித்தீர்கள் என்பதற்கே அது சாட்சியாகிவிடலாம்.

சீசன் டிக்கெட் நண்பர்கள் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், கிடைக்காத ஆட்டங்களுக்கான தொகையைத் தங்கள் கார்டு வங்கியிடம் உடனே தகராறு செய்யச் சொல்லுங்கள். மத்தியச் சட்டப்படி பில் வந்து 60 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும், பல வங்கிகள் அதற்கு மேலும் இடம் தருகின்றன. செக்காகக் கொடுத்தவர்கள் கம்பெனியின் கடன்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். நண்பர்களுக்கு உங்கள் சொந்தப் பணத்திலிருந்து திருப்பிக் கொடுக்க விரும்பினால் அது உங்கள் விருப்பம், அணிக் கணக்கிலிருந்து மட்டும் கொடுக்காதீர்கள். மிச்ச ஆட்டங்கள் நடக்குமா என்று யாராவது கேட்டால், நான் இப்போது அந்தப் பொறுப்பில் இல்லை, அணி அலுவலகத்தைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.