மசாலா டீ கிளேஸ்: கேக்குக்கும் பன்னுக்கும் (கேள்வி பதில்)

கேள்வி: கேக்கின் மேல் ஊற்றுவதற்கு மசாலா டீ கிளேஸ் செய்ய அடிப்படை அளவு என்ன?

பதில்: ஒரு கப், அதாவது ஏறத்தாழ 120 கிராம் ஐசிங் சர்க்கரைக்கு இரண்டு மேசைக்கரண்டித் திரவம் போதும். அவ்வளவு சர்க்கரைக்கு நடுவே தேயிலையின் சுவை தெரிய வேண்டுமென்பதால், குடிக்கும் பதத்தில் போட்ட டீ இதற்கு உதவாது. கெட்டியான டிகாஷனே வேண்டும். கால் கப் தண்ணீரில் தட்டிய ஏலக்காய் இரண்டு, கிராம்பு ஒன்று, சிறு துண்டுப் பட்டை, கால் தேக்கரண்டி சுக்குத்தூள் ஆகியவற்றைப் போட்டு, மணம் ஆவியோடு போய்விடாதபடி மூடி, இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்த பின் இரண்டு தேக்கரண்டித் தேயிலைத்தூளைச் சேர்த்து, நான்கு நிமிடம் கழித்து நன்கு பிழிந்து வடிகட்டுங்கள். தூள் தண்ணீரைக் குடித்துவிடுவதால் கிடைப்பது குறைவாகவே இருக்கும். அதுவே நமக்குத் தேவையான அளவு. ஆறிய டிகாஷனைச் சலித்த சர்க்கரையில் ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டு, ஒரு சிட்டிகை உப்புடன் கலக்குங்கள். கரண்டியைத் தூக்கினால் நாடாபோல் விழுந்து, விழுந்த தடம் சில நொடிகளில் மறைய வேண்டும்.

கேள்வி: நிறம் ஏறுவதற்காகத் தேயிலையையும் சேர்த்துக் கொதிக்க வைத்தேன், கசந்துவிட்டது.

பதில்: நேரத்தைக் கூட்டினால் துவர்ப்பும் கசப்பும்தான் மிகுதியாக இறங்கும். நிறம் வேண்டுமானால் தூளைக் கூட்டுங்கள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சி.டி.சி. தூள் (நசுக்கி, கிழித்து, சுருட்டிய குருணைத் தேயிலை) விரைவில் சாறு விடும் என்பதால், விலையுயர்ந்த இலைத் தேயிலையை இதில் வீணாக்க வேண்டாம்.

கேள்வி: பால் சேர்த்த டீயின் சுவை வருமா? பாலில் இஞ்சியைத் தட்டிப் போட்டபோது திரிந்துவிட்டது.

பதில்: பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, அதுவே வெதுவெதுப்பான பாலைத் திரிய வைக்கிறது. இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்கு கொதிக்க வைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆனால் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், அதை ஊற்றி கிளேஸை நீர்க்க விடுவதைவிட, ஒரு மேசைக்கரண்டிப் பால் பவுடரைச் சர்க்கரையோடு சேர்த்துச் சலித்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். பால் புரதம் துவர்ப்பையும் தணிக்கும்.

கேள்வி: எலுமிச்சைச் சாறு சேர்க்கலாமா?

பதில்: பால் சேராத கிளேஸில் சில துளிகள் சேர்க்கலாம், நிறம் சற்று வெளுக்கும்.

கேள்வி: சாதாரணச் சர்க்கரையை மிக்ஸியில் பொடித்துப் பயன்படுத்தலாமா? நாட்டுச் சர்க்கரை?

பதில்: வெள்ளைச் சர்க்கரையைப் பயன்படுத்தலாம். ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டிச் சோள மாவு சேர்த்து மைய அரைத்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். இவ்வளவு குறைந்த நீரில் கரையாத குருணை நாக்கில் நறநறக்கும். நாட்டுச் சர்க்கரை ஈரத்தை இழுப்பதால் இந்த முறையில் காயாது, பிசுபிசுத்தே நிற்கும். அதைப் பன்னுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கால் கப் நாட்டுச் சர்க்கரையை மூன்று மேசைக்கரண்டி டிகாஷனில் இரண்டு நிமிடம் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டிலேயே பன்னின் மேல் தடவினால் நல்ல பளபளப்பு வரும்.

கேள்வி: ஊற்றிய கிளேஸைக் கேக் குடித்துவிட்டது, மீதமிருந்ததும் மழை நாளில் காயவே இல்லை.

பதில்: கேக் சூடாக இருந்திருக்கும். அடிப்பாகம் தொட்டால் குளிர்ந்திருக்கும்வரை கம்பித் தட்டில் ஆறவிட்டு, அதன் பிறகே ஊற்றுங்கள். மழைக்காலத்தில் டிகாஷனை ஒரு தேக்கரண்டி குறைத்து, மின்விசிறியின் கீழ் காய வையுங்கள். பலரும் அவசரத்துக்குக் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். வெளியே எடுத்ததும் மேலே நீர் கோத்து, கிளேஸ் இளகி வழியத் தொடங்கிவிடும்.