சபையில் உழைத்தவர் தன் பெயர் நிலைக்க விரும்பினால் அது பெருமையா?

கேள்வி: "எங்கள் சபையில் இருபத்தைந்து வருடம் செயலாளராக இருந்தவர் இந்த ஆண்டு விலகுகிறார். அவர் காலத்தில் கட்டிய சமுதாயக்கூடத்துக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லிக் குடும்பத்தார் கேட்கிறார்கள். அது பெருமை என்று சிலர் மறுக்கிறார்கள். தாழ்மையுள்ள கிறிஸ்தவர் தனக்குப் பின் எதை விட்டுச் செல்ல வேண்டும்?"

சமுதாயக்கூடத்தின் பெயரைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். வெஸ்ட்ரி (ஆலய அலுவல் அறை) சாவி யாரிடம் இருக்கிறது, காசோலையில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், சபை நிலத்தின் மூலப்பத்திரம் எந்த வீட்டுப் பீரோவில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெயர்ப்பலகையே வேண்டாம் என்று ஒதுங்குகிறவரால்கூட இந்த மூன்றையும் விட முடியாமல் போவதுண்டு. பெருமை கல்லில் இருப்பதைவிடச் சாவிக்கொத்தில்தான் அதிகம் இருக்கிறது.

பெயர் பொறிப்பதே பாவம் என்று சொல்ல வேதத்தில் இடமில்லை. நெகேமியா 3-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேம் அலங்கத்தின் (மதிலின்) எந்தப் பகுதியை யார் கட்டினார் என்ற பெயர்ப்பட்டியல்தான் முழு அதிகாரமும். வேலைக்குத் தோள் கொடுக்காத தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்களும் அதே பட்டியலில் மாட்டிக்கொள்கிறார்கள் (நம் ஊர் நன்கொடைப் பலகைகளில் அந்த வரி மட்டும் வருவதில்லை). மாற்கு 14-இல், தைலம் ஊற்றிய பெண் செய்தது சுவிசேஷம் போகும் இடமெல்லாம் அவளை நினைக்கும்படி சொல்லப்படும் என்கிறார் இயேசு. ஆனால் மாற்கு அவள் பெயரையே எழுதவில்லை; மத்தேயுவும் எழுதவில்லை. யோவானை வாசித்தால்தான் அவள் மரியாள் என்று தெரிகிறது. செயல் நினைவில் நிற்கிறது, பெயர் நின்றாலும் நிற்காவிட்டாலும்.

வேலூரில் 1902-இல் 40 படுக்கைகளோடு திறந்த மருத்துவமனைக்கு மேரி டேபர் ஷெல் என்ற பெண்மணியின் பெயர் வைத்தார்கள். அவருடைய கணவர் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்திருந்தார். ஷெல் என்ற பெயர் இன்றும் அங்கே கண் மருத்துவமனையில் இருக்கிறது. பணம் கொடுத்தவர் இன்னொருவரை நினைத்து வைத்த பெயர் அது. நீங்கள் சொல்லும் குடும்பத்தார் கேட்பது வேறு வகை: பொறுப்பில் இருந்தவர், பொறுப்பில் இருக்கும்போதே, சபையார் காணிக்கையில் எழும்பிய கட்டடத்துக்குத் தன் பெயர். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

தன் பெயரைத் தானே நாட்டிக்கொண்டவர்கள் வேதத்தில் இரண்டு பேர் உடனே நினைவுக்கு வருகிறார்கள். இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல் அமலேக்கியரை வென்ற கையோடு கர்மேலில் தனக்கென்று ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டினான். அதே அதிகாரத்தில்தான் ராஜ்யம் அவனைவிட்டுப் போகிறது. தகப்பன் தாவீதுக்கு எதிராகக் கிளம்பி மாண்ட அப்சலோமின் கதை இன்னும் கூர்மையானது. 2 சாமுவேல் 18-இல் 17, 18 வசனங்களைச் சேர்த்து வாசியுங்கள். முதல் வசனத்தில் அவன் உடலைக் காட்டில் ஒரு குழியில் போட்டு, மேலே பெரிய கற்குவியலைக் குவிக்கிறார்கள். அடுத்த வசனத்தில், அவன் உயிரோடிருந்தபோது ராஜாவின் பள்ளத்தாக்கில் தனக்காக நிறுத்திய தூண் வருகிறது. எழுதியவர் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்கிறார். இன்று கீதரோன் பள்ளத்தாக்கில் 'அப்சலோம் தூண்' என்று காட்டப்படும் கட்டடமோ அவனுக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் பிந்தியது. அவன் வைத்த தூண் போயிற்று, அவன் பெயரை யாருடைய கல்லறையோ சுமந்துகொண்டிருக்கிறது.

உங்கள் செயலாளரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவன் யூதாவின் ராஜா உசியா என்பது என் எண்ணம் (2 நாளாகமம் 26). 16 வயதில் அரசனானவன், 52 வருடம் ஆட்சி செய்தவன். கோபுரம் கட்டினான், துரவுகள் வெட்டினான், விவசாயத்தை நேசித்தான். நல்ல நிர்வாகி. ஆச்சரியமாய் அவனுக்கு உதவி கிடைத்தது, அதனால் பலப்பட்டான் என்று 15-ஆம் வசனம் சொல்கிறது. பலப்பட்டபோது மனம் மேட்டிமையானது என்று 16-ஆம் வசனம் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. தோற்றவனுக்கு வருவதல்ல இந்தப் பெருமை. பல வருடம் ஒழுங்காக வேலை செய்தவனுக்கு, 'இதையும் நானே செய்துவிடுகிறேன்' என்று வருவது. ஆசாரியர் செய்ய வேண்டிய தூபங்காட்டலை அவனே செய்யப் போனான். 80 ஆசாரியர்கள் எதிர்த்து நின்றபோதும் தூபகலசத்தைக் கையைவிட்டு இறக்கவில்லை. அங்கேயே அவன் நெற்றியில் குஷ்டம் தோன்றியது. 52 வருட ஆட்சிக்குப் பின் அவனை அடக்கம் செய்தபோது ஜனங்கள் சொன்னது 'அவன் குஷ்டரோகி' என்பதுதான்.

விட்டுச் செல்வதற்கு வேதத்தில் முழுமையான மாதிரி தாவீதிடம் இருக்கிறது. ஆலயம் கட்ட ஆசைப்பட்டார்; 'நீ அல்ல, உன் குமாரன்' என்று பதில் வந்தது. அதற்குப் பின் அவர் செய்ததைத்தான் படிக்க வேண்டும். பொன் ஒரு லட்சம் தாலந்து, வெள்ளி பத்து லட்சம் தாலந்து, நிறுக்க முடியாத அளவு வெண்கலமும் இரும்பும், மரம், கல் என்று சேர்த்துவைத்தார் (1 நாளாகமம் 22). பொருளோடு நிற்கவில்லை. மண்டபம், அறைகள், பண்டசாலைகள் ஆகியவற்றின் மாதிரியை எழுத்தில் கொடுத்தார். ஆலயப் பணிக்குரிய லேவியர் 38,000 பேரைப் பிரித்து யாருக்கு என்ன வேலை என்று முறை வகுத்தார், பாடகர்கள் 288 பேரை 24 பிரிவாக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, 'நீ இதோடு இன்னும் சேர்த்துக்கொள்' என்று மகனிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் பலருக்கு வாயில் வராதது. கட்டி முடிந்த ஆலயத்தை இன்றுவரை சாலொமோனின் ஆலயம் என்றே சொல்கிறோம்.

யோசுவாவைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. மோசே உயிரோடிருக்கும்போதே அவன்மேல் கை வைத்து, தன் கனத்தில் ஒரு பங்கைச் சபையார் முன்பாகக் கொடுத்தார். யோசுவா தனக்குப் பின் யாரையும் அப்படி நியமித்ததாக எழுதப்படவில்லை. நியாயாதிபதிகள் 2:10-இல் கர்த்தரை அறியாத சந்ததி எழும்பிவிடுகிறது.

இனி நடைமுறை. ஒப்படைப்புக்கு ஒரு வருடம் வேண்டும். முதல் 3 மாதம் புதியவர் கூடவே இருந்து பார்க்கட்டும். அடுத்த 6 மாதம் அவர் செய்யட்டும், பழையவர் பார்க்கட்டும். கடைசி 3 மாதம் பழையவர் கமிட்டிக் கூட்டத்துக்கே வரக் கூடாது. இந்த மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லாரும் தட்டிக்கழிக்கிறார்கள். புதியவர் தவறு செய்தால் திருத்த ஆள் இருக்கும்போதே செய்யட்டும் என்பதற்காகத்தான் அந்த 3 மாதம்.

ஒப்படைக்க வேண்டியவற்றை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு நகலைக் குருவானவரிடம் கொடுங்கள். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்கள், வரிசை எண்ணோடு. கையிருப்புப் பணம், எண்ணிப் பார்த்த தேதியோடு. பத்திரம், பட்டா, வரி ரசீது, மின் இணைப்பு எண். சாவிகள், எது எந்தப் பூட்டுக்கு என்று சீட்டு கட்டி. வங்கியில் கையெழுத்து மாற்றம் தீர்மான நகல் இல்லாமல் நடக்காது. அதை முதல் வாரமே செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் புதிய செயலாளர் ஒவ்வொரு காசோலைக்கும் பழையவர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பார். அவர் பெயருக்குத்தான் செயலாளர் என்பது ஊருக்கு அன்றே தெரிந்துவிடும்.

இதற்குப் பிறகும் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு: 'கௌரவ ஆலோசகர்' பதவி. மரியாதைக்காகத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் கல்யாணத் தேதி கேட்கிறவர் முதல் கல்லறை இடம் கேட்கிறவர் வரை பழைய எண்ணுக்கே போன் செய்வார்கள். அவர் நல்லெண்ணத்தோடு பதிலும் சொல்வார். குறைந்தது ஒரு வருடத்துக்கு அந்தப் பதவி வேண்டாம். 'தம்பியைக் கேளுங்க, அவர் பார்த்துச் சொல்வார்' என்ற ஒரே பதில் போதும்.

பிரிவுபசார விழாவில் தாழ்மை என்ற பெயரில் நடக்கும் ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். 'நான் ஒன்றுமில்லை, வெறும் தூசி' என்று கால்மணி நேரம் தன்னைப் பற்றியே பேசுவது. கொலோசெயர் 2:23-இல் பவுல் 'மாயமான தாழ்மை' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார். அது இங்கே பொருந்தும். உண்மையில் உழைத்தவர் அதை மறுக்கத் தேவையில்லை. கூட உழைத்த கோயில்குட்டி (ஆலயப் பணியாளர்), கணக்கர், கொத்தனார் ஆகியோரின் பெயரைச் சொல்லி, என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு வரி சொல்லிவிட்டு உட்காரலாம். பேசுவோர் மூன்று பேர், ஆளுக்கு 5 நிமிடம் என்று முன்கூட்டியே வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் சபை விருந்தான அசனத்தில் நடக்கும் ஏலம்போல ஒருவரை ஒருவர் மிஞ்சிப் புகழ்வார்கள்.

கூடத்துக்குப் பெயர்? என் கருத்து, பொறுப்பில் இருக்கும்போதோ விலகும் ஆண்டிலோ வேண்டாம். ஐந்து வருடம் போகட்டும். அப்போதும் குடும்பத்தார் கேட்காமல் சபையாரே கேட்டால், தீர்மானம் போட்டு வைக்கலாம். கல்வெட்டில் 'தேவனுடைய மகிமைக்கென்று' என்பது சின்ன எழுத்திலும் கமிட்டியின் பெயர்கள் பெரிய எழுத்திலும் இருக்கும் வழக்கத்தையாவது தலைகீழாக்குங்கள். திருநெல்வேலிப் பகுதியில் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1951-இல் இறந்தபோது, கல்லறைக் கல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் மனம் கேட்காமல் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்து, அவரைத் தாய் என்று அழைத்த சொல்லை மட்டும் அதில் பொறித்தார்கள்.

பெயருக்குப் பதில் ஏதாவது பயனாக விட வேண்டுமென்றால் கல்வி நிதி நல்லது. கணக்கைச் சரியாகப் போடுங்கள். 2 லட்சம் ரூபாயை 6 சதவீத வட்டியில் போட்டால் ஆண்டுக்கு 12,000 வரும். முழுவதையும் கொடுத்தால் பத்து வருடம் கழித்தும் முதல் அதே 2 லட்சம்தான், கல்விக் கட்டணம் அப்படியே நிற்காது. 8,000 கொடுத்து 4,000-ஐ முதலோடு சேர்ப்பது மேல். பயனாளியைத் தேர்ந்தெடுப்பதில் குடும்பத்தாருக்கு இடம் வைக்காதீர்கள். தகுதியானவர் இல்லாத ஆண்டில் வட்டி என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள்.

சொத்தில் ஒரு பங்கு சபைக்கு என்றால் உயில் வேண்டும். உயில் இல்லாவிட்டால் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகன், மகள் என்ற வேறுபாடில்லாமல் பிள்ளைகளுக்கு. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் அவசியம், பதிவு கட்டாயமில்லை. பயன் பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் நிற்கும், அவருக்கு எழுதியது மட்டும் செல்லாமல் போகும். மருமகனுக்கு ஏதாவது எழுதிவிட்டு மகளைச் சாட்சியாக்குவதுதான் வீடுகளில் நடக்கும் தவறு. தர்மத்துக்கு எழுதும் கிறிஸ்தவர் சாவதற்கு 12 மாதம் முன்பே உயில் எழுதியிருக்க வேண்டும் என்று பெரியவர்கள் இன்னும் பயமுறுத்துவார்கள். அந்த 118-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2003-இல் ரத்து செய்துவிட்டது. ஆனால் மனைவியைக் கையேந்த வைத்துவிட்டுச் சபைக்கு எழுதுவது மாற்கு 7-இல் இயேசு கண்டித்த கொர்பான் போன்றதுதான்: பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை, காணிக்கை என்று சொல்லி மறுப்பது.

அடக்க ஆராதனையில் யார் பேச வேண்டும், கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்பதை உயிலில் சேர்க்காதீர்கள். தனித்தாளில் எழுதி இப்போதே பிள்ளைகளிடம் கொடுங்கள். உயிலைப் பெரும்பாலும் அடக்கம் முடிந்த பிறகுதான் பிரிப்பார்கள்.