பழைய டேப்லெட்டுக்கு எந்த ஃபாஸ்ட் சார்ஜர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2020-ல் வந்த சாம்சங் கேலக்ஸி டேப் ஏ7 வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் 65 வாட் போன் சார்ஜரில் போட்டால் பேட்டரி கெட்டுவிடுமா?

கெடாது. எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்வது டேப்தான். சார்ஜர் எதையும் திணிப்பதில்லை. பவர் டெலிவரி (பி.டி.) வகை சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் தரும். டேப் கேட்டால்தான் 9 வோல்ட்டுக்கு ஏறும். உங்கள் டேப்பின் உச்சம் 15 வாட். 65 போட்டாலும், 100 போட்டாலும் அதற்கு மேல் ஏறாது. அதன் 7040 எம்ஏஎச் பேட்டரி நிறைய இரண்டரை மணி நேரமாவது ஆகும், ஏனென்றால் 80 சதவீதத்தைத் தாண்டியதும் டேப்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒன்றைக் கவனியுங்கள். சில போன் கம்பெனிகளின் 65 வாட் வேகம் அவர்கள் போனுக்கு மட்டும்தான். மற்ற கருவிகளில் 10 வாட்டுக்கு இறங்கிவிடும். சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்ற இடத்தில் 9 வோல்ட் இருக்கிறதா, பி.டி. என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மைக்ரோ யூஎஸ்பி பின் உள்ள பழைய டேப். 2 ஆம்பியர் சார்ஜர் புதிதாக வாங்கியும் ஆமை வேகம்தான். சார்ஜரை மாற்றவா?

சார்ஜரை விடுங்கள், கேபிளை மாற்றுங்கள். என்னிடம் வரும் ‘சார்ஜ் ஏறவில்லை’ புகார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளைத்தான். மலிவான கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பியே முடி மாதிரி இருக்கும். 28 கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) கம்பி ஒரு மீட்டர் நீளம் இருந்தால், 2 ஆம்பியர் ஓடும்போது போகவர சுமார் 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட் கிளம்பி 4.15 வோல்ட்தான் டேப்புக்கு வந்து சேரும். டேப் உடனே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதே தூரத்துக்கு 24 கேஜ் என்றால் இழப்பு 0.35 வோல்ட்கூட இல்லை. நம்பர் குறையக் குறைய கம்பி தடிமன் என்று நினைவில் வையுங்கள். நல்ல கேபிள்கள் சிலவற்றின் உறையிலேயே ‘24ஏடபிள்யூஜி/2சி’ என்று அச்சடித்திருப்பார்கள். ‘ஏடபிள்யூஜி’ என்பது கேஜ்தான். அந்த ‘2சி’தான் மின்சாரம் போகும் இரண்டு கம்பிகள். நீளமும் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும்.

கேபிளை மாற்றியும் அப்படியே இருந்தால், போர்ட்டில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கலாம். டேப்பை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம்.

கேள்வி: 2018 ஐபேட் (ஆறாம் தலைமுறை). 20 வாட் அடாப்டர் வாங்கலாமா?

அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். பெட்டியோடு வந்தது 10 வாட். அது இழுப்பதே அதிகபட்சம் 12 வாட் அளவுதான். ஆனால் பழைய ஐபோனின் 5 வாட் சார்ஜரில் போட்டுக்கொண்டிருந்தால் உடனே மாற்றுங்கள். 32 வாட்-மணி பேட்டரி அதில் நிறைய ஏழு மணி நேரம் தாண்டும்.

கேள்வி: டேப்பில் டைப்-சி போர்ட்தான் இருக்கிறது. ஆனால் சி-டு-சி (இரு முனையும் டைப்-சி) கேபிளில் சார்ஜே ஏறவில்லை, பழைய கேபிளில் ஏறுகிறது. ஏன்?

விலை குறைந்த சில டேப்களில் போர்ட்டுக்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் என்ற சின்ன பாகங்களை விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால், மறுமுனையில் கருவி இருப்பதே சார்ஜருக்குத் தெரியாது, மின்சாரத்தைத் திறந்துவிடாது. சார்ஜர் மேல் குற்றமில்லை. பழைய அகலமான ஏ போர்ட் இப்படிப் பார்ப்பதில்லை, நேராக மின்சாரம் தந்துவிடும். அகலமான ஏ போர்ட் உள்ள சார்ஜரும் ஏ-டு-சி கேபிளும் வாங்குங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி: 150 ரூபாய் சார்ஜர் போதாதா? டேப்பின் பின்பக்கம் வேறு லேசாக உப்பியிருக்கிறது.

சார்ஜர் பேச்சு அப்புறம். பின்பக்கம் உப்பினால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். இன்றே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், குழந்தைகள் கையில் தராதீர்கள். சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மாற்றுங்கள். அதன்பிறகு சார்ஜர் வாங்கும்போது பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுச் சரிபாருங்கள். எண் இல்லாத சார்ஜர் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.