ஒத்திகை முடிய ஒன்பதரை ஆகிறது

அன்புள்ள ஐயா,

நான் திருச்சியில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். வயது 34. கணவருக்கு ஷிப்ட் வேலை. மாமியார் எங்களுடன் இருக்கிறார். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆறு ஆண்டுகளாக ஒரு நாடகக் குழுவில் நடித்து வருகிறேன். இந்த ஆண்டு இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்து, முதலாண்டுக்குரிய 32 கிரெடிட் பாடங்களையும் எடுத்திருக்கிறேன். டிசம்பரில் எங்கள் புதிய நாடகம் மேடையேறுகிறது. தேர்வும் அதே மாதத்தில்தான். வாரத்தில் நான்கு நாள் ஒத்திகை. ஆறரைக்குத் தொடங்கி முடிய ஒன்பதரை ஆகிறது. சத்திரம் பேருந்து நிலையம் வந்து, பேருந்து பிடித்துத் திருவெறும்பூர் போய்ச் சேரும்போது மகள் உறங்கியிருப்பாள். அசைன்மென்ட்களில் பாதியை இன்னும் தொடவில்லை. “எதையும் உருப்படியாகச் செய்ய முடியாதபோது ஒன்றை விட்டுவிடு” என்கிறார்கள் வீட்டில். படிப்பை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. நாடகத்தை விட மனம் வரவில்லை. அப்படி நினைப்பதே குற்ற உணர்வைத் தருகிறது. வேலையும் படிப்பும் நாடகமுமாக வாழ்ந்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன்.

ம., திருச்சி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

எதையாவது விடுவதென்று முடிவெடுக்கும் முன், நீங்கள் ஏற்றுக்கொண்டிருப்பதன் அளவை ஒருமுறை தாளில் எழுதிப் பாருங்கள். இக்னோவின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. அப்படியென்றால் 32 கிரெடிட்டுக்கு 960 மணி நேரம், அதாவது வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. ஒத்திகைக்குப் பன்னிரண்டு மணி நேரம், போகவர நான்கைந்து மணி நேரம் என்று அதனோடு கூட்டினால், பள்ளி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அப்பால் வாரந்தோறும் முப்பத்தைந்து மணி நேரத்தை நீங்கள் கண்டெடுக்க வேண்டியிருக்கிறது. இதை எவராலும் செய்ய இயலாது. அசைன்மென்ட் எழுதப்படாமல் கிடப்பதற்கு உங்கள் சோம்பலோ திறமைக் குறைவோ காரணமில்லை என்பதை முதலில் நீங்கள் நம்ப வேண்டும்.

இரண்டாண்டு முதுகலையை நான்கு ஆண்டுகள் வரை நீட்டிக்க அந்தப் பல்கலைக்கழகம் இடம் தருகிறது. தேர்வும் ஜூனிலும் டிசம்பரிலுமாக ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. ஆகவே, அசைன்மென்ட் முடித்த பாடங்களை மட்டும் டிசம்பரில் எழுதிவிட்டு, மற்றவற்றை ஜூனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அசைன்மென்டுக்கு 30 விழுக்காடு மதிப்பு இருப்பதால், அதை அவசரமாக நிரப்பி அனுப்புவதில் பயனில்லை. வேலை பார்ப்பவர்களையும் குடும்பம் நடத்துபவர்களையும் மனத்தில் வைத்தே இந்த விதிகளை வகுத்திருக்கிறார்கள். அவற்றைப் பயன்படுத்திக்கொள்வதைத் தோல்வியாக நினைக்காதீர்கள்.

படிப்பை விடலாம் என்று உங்களுக்குத் தோன்றுவதன் காரணமும் எனக்குப் புரிகிறது. ஒத்திகைக்கு நீங்கள் போகாவிட்டால் எட்டுப் பேர் காத்திருப்பார்கள். மகளுக்குச் சோறு ஊட்டாவிட்டால் அவள் பசித்திருப்பாள். புத்தகத்தைத் திறக்காவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்பாரற்ற வேலையிலிருந்துதான் மற்ற எல்லா வேலைகளும் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. அஞ்சல்வழியில் முதுகலை படித்த காலத்தில் எனக்கும் இதுவே நடந்தது. பாடப் புத்தகங்கள் தபாலில் வந்த உறை பிரிக்கப்படாமலே மாதக்கணக்கில் கிடந்தன. பிறகு ஒரு வழியைக் கண்டுகொண்டேன். வசனத்தை வாய்விட்டுச் சொல்லித்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். அதைக் காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் செய்யலாம், கை வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் நன்றாகவே பதியும். கோட்பாட்டுப் பாடத்தை அப்படிப் படிக்க முடியாது; அதற்கு மேசையும் கதவடைத்த அறையும் வேண்டும். ஆகவே வசனத்தைச் சமையலறைக்கும் பேருந்துக்கும் கொடுத்துவிட்டு, உட்கார்ந்திருக்க வாய்க்கும் நேரம் முழுவதையும் பாடத்துக்கு வைத்தேன். அந்த நேரத்துக்காகத் தூக்கத்தைக் குறைக்காதீர்கள். தூங்காத நடிகருக்கு மேடையில் வசனம் வராது.

இனி நாடகத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஆறரை முதல் ஒன்பதரை வரை என்ற அந்த வழக்கம்தான். நம்முடைய அமெச்சூர் நாடகம் அலுவலகம் முடிந்து வந்த ஆண்களின் மாலைப் பொழுதில் வளர்ந்தது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் பின்னாளில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். பெண் வேடங்களையும் ஆண்களே போட்ட அந்தச் சபையில் படித்து உத்தியோகம் பார்த்தவர்கள் கூடி நடித்தார்கள். கே. பாலசந்தர் சென்னையில் நாடகங்கள் எழுதிய காலத்தில் ஏ.ஜி. அலுவலகம் எனப்படும் அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1978இல் பத்திரிகையாளர் ஞாநி தொடங்கிய பரீக்ஷா நாடகக் குழுவிலும் பகலில் வேறு வேலை பார்த்தவர்களே பெரும்பாலும் நடித்தார்கள். இந்த மரபின் மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. பணம் கொடுக்காத ஒரு கலைக்காக உடல் களைத்த பிறகும் வந்து நின்றவர்கள் இல்லாவிட்டால் நமக்கு நவீன நாடகம் என்று சொல்லிக்கொள்ள மிகக் குறைவாகவே இருந்திருக்கும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பியபோது சோறு ஆக்கப்பட்டிருந்தது, குழந்தைகள் உறங்க வைக்கப்பட்டிருந்தார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். நான் நாடகக்காரனாக இருந்த இருபது ஆண்டுகளும் என் மனைவியின் மாலைகளைச் செலவிட்டுக் கிடைத்தவை. அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

தெரியாததால் ஒரு தவறும் செய்தேன். நான் இயக்கிய நாடகம் ஒன்றில் நடித்த பெண், கைக்குழந்தையின் தாய், எட்டு மணிக்கு மேல் இருக்க முடியாது என்றார். அவருக்கு அர்ப்பணிப்பு போதாதென்று முடிவுசெய்து வேறொருவரைப் போட்டேன். அவர் கலந்துகொண்ட ஒத்திகைகளில் பாதி நேரம் வராந்தாவில் தன் காட்சிக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார் என்பது நெடுநாள் கழித்தே என் நினைவுக்கு வந்தது. அவருக்குரிய இரண்டு காட்சிகளை முதலில் எடுத்திருந்தால் ஏழரைக்கே அனுப்பியிருக்கலாம். அவர் அதன் பிறகு மேடையேறவில்லை. அதற்கு நான்தான் காரணம்.

ஆகவே உங்கள் இயக்குநரிடம் காட்சிவாரியாக அட்டவணை கேளுங்கள். வாசிப்பு நடக்கும் முதல் வாரங்களிலும் முழு ஒத்திகை நடக்கும் கடைசி இரண்டு வாரங்களிலும் அனைவரும் இருந்தே ஆக வேண்டும். இடைப்பட்ட காலத்தில் எந்தக் காட்சிக்கு யார் யார் தேவையோ அவர்களை மட்டும் அழைத்தால் போதும். ஒரு தாளில் காட்சிகளை வரிசையாகவும் நடிகர்களைப் பத்தியாகவும் எழுதினால் அரைமணி நேரத்தில் இது முடிந்துவிடும். உங்கள் நான்கு நாள் இரண்டாகக் குறையலாம். இதைச் சலுகையாகக் கேட்காதீர்கள். ஊதியமில்லாமல் வருகிறவர்களின் நேரத்தைப் பொறுப்போடு கையாள்வது இயக்குநரின் வேலை. அவர் மறுத்தால், இந்த நாடகத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்ததில் சிறிய வேடம் கேளுங்கள், அல்லது ஜூன் தேர்வு வரை விலகி இருங்கள். ஆறு ஆண்டுகள் நடித்தவருக்கு ஆறு மாத இடைவெளியால் ஒன்றும் மறந்துபோகாது.

வீட்டைப் பற்றி நான் அதிகம் சொல்ல இயலாது, உங்கள் வீட்டை நான் அறியேன். உங்கள் கணவரின் ஷிப்ட் அட்டவணையும் ஒத்திகை அட்டவணையும் ஒரே காலண்டரில் இருக்கட்டும் என்று மட்டும் சொல்வேன். அவர் பகல் ஷிப்டில் இருக்கும் வாரங்களில் மகளின் இரவு உணவும் வீட்டுப்பாடமும் அவருடையவை என்று இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். மாமியாரின் தலையில் அது தானாகப் போய்ச் சேர விடாதீர்கள், ஏனெனில் அவர் பங்குக்கு அவர் செய்து முடித்தவர். நீங்கள் நடிப்பது மகளிடமிருந்து எதையோ பறிப்பதாக உங்களுக்குத் தோன்றுவதை உங்கள் வரிகளில் காண்கிறேன். ஞாயிறு ஒத்திகை எப்போதாவது இருந்தால், அவள் விரும்பினால், ஒருமுறை அழைத்துப் போங்கள். ஒரே வசனத்தை அம்மா பதினைந்து முறை தவறாகச் சொல்லிப் பதினாறாவது முறை சரியாகச் சொல்வதை மூன்றாம் வகுப்புக் குழந்தை பார்க்கட்டும்.

அட்டவணை என்னவாயிற்று என்று எழுதுங்கள். மேடையேறும் தேதி உறுதியானதும் தெரிவித்தால் நானும் என் மனைவியும் திருச்சிக்கு வருகிறோம்.

அன்புடன்.