சூடானதும் முன்பிரேக் லீவர் கைப்பிடி வரை இறங்கினால்

தம்பி, செப்பாங் ரேஸ் ட்ராக்ல பைக் ஓட்டுறப்போ நாலு சுற்று நல்லாப் பிடிச்ச முன்பிரேக், அஞ்சாவதுல 15ஆம் வளைவுக்கு முன்னாடி லீவர் கைப்பிடி வரை இறங்குது, ஆறினதும் சரியாகுதுன்னு எழுதியிருந்தீங்க. பிரேக் ஆயில் கொதிச்சு உள்ளே ஆவிக்குமிழி வருது, அதான் லீவர் இறங்குது. புது டாட் 4 (பிரேக் ஆயில்ல ஒரு தரம்) கொதிக்காம குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் இழுத்துட்டா 155 வரை இறங்கலாம். சுங்கை சிப்புட் மழைக்காத்துல திறந்து கிடந்த பாட்டிலை நம்பாதீங்க.

சீல் உடைக்காத டாட் 4 வாங்கி முழுசா மாத்துங்க. லீவரை அழுத்திப் பிடிச்சு, நிப்பிளை (சக்கரத்துப் பக்கம் பிரேக்ல ஆயிலை வெளியே விடுற சின்னத் திருகு) கால் சுற்று திறங்க. மூடின பிறகுதான் லீவரை விடணும். முந்தி விட்டா காத்து உள்ளே ஏறிடும். நிப்பிள்ல மாட்டின குழாயில் பழுப்பு நிறம் போய், குமிழி இல்லாமத் தெளிவா வரணும். லீவர் பக்கத்துல இருக்கிற ஆயில் டப்பா வத்தவே கூடாது. டாட் 5 சிலிக்கான், வேற வகை ஆயில், ஊத்தவே ஊத்தாதீங்க. பிரேக் பேட் ரொம்பத் தேய்ஞ்சிருந்தா சூடு நேரா ஆயிலுக்குப் போகும், அதையும் மாத்துங்க. லீவர் கல்லு மாதிரி நிக்கிற வரை ட்ராக்ல இறங்க வேண்டாம்.