வாரன்ட் இல்லாமல் வீட்டில் சோதனை: தம்பியின் கஞ்சா கேஸ் நிற்குமா?

சகோதரி, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தம்பியின் பையில் போலீசார் 180 கிராம் கஞ்சா எடுத்தார்கள், அன்று ராத்திரியே பாலக்கோட்டு வீட்டில் வாரன்ட் இல்லாமல் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை, கேஸ் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அம்மாவைத் தேற்றுங்கள். கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவு என்றால், NDPS என்னும் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அது 'சிறிய அளவு'. அதிகபட்சம் 1 ஆண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனை இறுக்கும் அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவு, கஞ்சா வைத்திருந்த வழக்கில் 20 கிலோவைத் தாண்டினால்தான் வரும்.

பஸ் ஸ்டாண்டு பொது இடம். 43-ஆம் பிரிவுப்படி அங்கே வாரன்ட் தேவையில்லை. மாஜிஸ்ட்ரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கச் சொல்லும் 50-ஆம் பிரிவு உரிமையும் உடம்புச் சோதனைக்குத்தான், பைக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது.

வீட்டு விஷயம் வேறு. பொழுது சாய்ந்தபின் வாரன்ட் இல்லாமல் நுழைய, வாரன்டுக்குப் போனால் பொருளோ ஆளோ தப்பிவிடும் என்று நம்பிய காரணத்தை அதிகாரி எழுதிவைக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் போக வேண்டும். இது 42-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் சோதனையை வீடியோ எடுப்பதும் கட்டாயம். ஆனால் மனசாரச் சொல்கிறேன்: வீட்டுச் சோதனையில் இருக்கும் குறை, பையில் எடுத்ததை இல்லாமல் ஆக்கிவிடாது.

மகஜர், அதாவது சோதனையில் எடுத்ததைப் போலீஸ் எழுதிவைக்கும் பதிவு, அதன் நகலை உடனே வாங்குங்கள். வீட்டில் எடுத்ததாக ஒரு வரி இருந்தாலும் வக்கீலிடம் காட்டுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும்.